குழாயில் தங்கிய கருவை எடுத்தது பாவமா?

கேள்வி: நான் கத்தோலிக்கப் பெண். கணவர் வீட்டார் பெந்தெகொஸ்தே சபை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஏழாவது வாரத்தில், கரு இடது குழாயில் தங்கியிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. இதயத் துடிப்பும் இருந்தது. அன்று இரவே ஆபரேஷன் செய்து குழாயோடு எடுத்துவிட்டார்கள். "எங்கே தங்கினாலும் உயிர் உயிர்தானே, ஜெபித்துக் காத்திருக்கலாமே" என்று மாமியார் ஜெபக்கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். அதன் பிறகு நான் நற்கருணை வாங்கப் போகவில்லை. என் தங்கை 19 வயதில், காதலன் வீட்டார் நெருக்கியதால், எட்டாவது வாரத்தில் மாத்திரை போட்டுக் கலைத்தாள். திருச்சபை தன்னை வெளியே தள்ளிவிட்டது என்று நினைத்து ஆலயப் பக்கமே போவதில்லை. நாங்கள் இருவரும் செய்தது ஒன்றேதானா? சபைக்குச் சபை ஒவ்வொன்று சொல்கிறார்களே, ஏன்? மறுபடி குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். மீண்டும் குழாயில் தங்கினால் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்களுக்கு நடந்தது கருக்கலைப்பு அல்ல. கத்தோலிக்க அறநெறியாளர்களில் மிகக் கண்டிப்பானவர்கள்கூட, குழாயை அகற்றிய சிகிச்சையை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. வருகிற ஞாயிறே நற்கருணை வாங்கலாம். இதற்காகப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. தங்கையின் விஷயம் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஏன் அல்ல என்பது தெளிவாகத் தெரிந்தால்தான் அடுத்த ஜெபக்கூட்டத்தில் தலை குனியாமல் உட்கார முடியும். ஆகவே உடலிலிருந்து தொடங்குவோம். கருக்குழாய் சுமார் 10 சென்டிமீட்டர் நீளம். அதன் உள்வழி சில இடங்களில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். ஏழாவது வாரத்தில் கரு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் இருக்கும். ஆபத்து கருவின் அளவால் மட்டும் வருவதில்லை. பின்னால் நஞ்சுக்கொடியாக வளர வேண்டிய திசு, தாயின் ரத்தக்குழாய்களைத் தேடி உள்ளே புகும் தன்மை கொண்டது. கர்ப்பப்பையின் உள்படலம் தடிப்பானது, அதைத் தாங்கும். குழாய்ச் சுவரால் தாங்க முடியாது. திசு தசைக்குள் புகுந்து ரத்தக்குழாய்களை அரிக்கும், குழாய் வெடித்தால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும். நீங்கள் அறுவை அறைக்குப் போனபோது உங்கள் இடது குழாய் நோயுற்ற உறுப்பு.

துடிப்பும் இருந்தது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். குழாயில் தங்கிய கருவில் துடிப்பு இருந்தால் திசு இன்னும் வீரியமாக வளர்கிறது என்று பொருள், ஆபத்து கூடுகிறது. ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் அளவு குறைவாக இருந்து, தானாக இறங்கிக்கொண்டும் வந்து, துடிப்பும் இல்லாத சிலருக்கு மட்டும், 48 மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தம் சோதித்தபடி மருத்துவர்கள் காத்திருந்து பார்ப்பார்கள். நீங்கள் அந்த வகையில் இல்லை. கருவைக் குழாயிலிருந்து எடுத்துக் கர்ப்பப்பைக்கு மாற்றவும் மருத்துவத்தில் வழி கிடையாது. 2019-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சட்ட மசோதா அப்படி மாற்றுவதைப் பற்றிப் பேசியது. அப்படி ஒரு சிகிச்சையே இல்லை என்று மகப்பேறு மருத்துவர்கள் மறுத்தார்கள். இன்றும் யாராவது அதை எடுத்து அனுப்பினால் பொருட்படுத்த வேண்டாம்.

இனி அறநெறி. கத்தோலிக்க மரபு இங்கே பயன்படுத்துவது இரட்டை விளைவு விதி. ஒரே செயலால் நல்லதும் கெட்டதும் விளையும்போது அது நான்கு கேள்வி கேட்கிறது. செயல் தன்னளவில் தீயதா? கெட்ட விளைவு நோக்கமா? கெட்டதன் வழியாகத்தான் நல்லது கிடைக்கிறதா? நல்லது அந்த இழப்புக்கு ஈடான அளவு பெரியதா? வெடிக்கப்போகும் குழாயை அகற்றுவது தீய செயல் அல்ல. குழந்தை சாக வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. உங்களைக் காப்பாற்றியது குழாய் அகன்றது, கரு இறந்தது அல்ல. ஈடாக நின்றது உங்கள் உயிர். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1951 நவம்பர் 26-இல் ஆற்றிய உரையில் இதைத் தெளிவுபடுத்தினார்: கர்ப்பிணியின் உயிரைக் காக்க, கர்ப்பத்தைச் சாராத காரணத்துக்காகச் செய்யும் அவசர சிகிச்சையில், விரும்பாமலும் தவிர்க்க முடியாமலும் சிசு இறந்தால் அது அப்பாவி உயிரின் மீதான நேரடித் தாக்குதல் ஆகாது. பெரும்பாலான அறநெறியாளர்கள் நோயுற்ற குழாயையும் இந்த வரிசையில்தான் வைக்கிறார்கள்.

திருச்சபை எப்போதும் இப்படித்தான் சொன்னது என்று நினைக்க வேண்டாம். 1902-இல் விசுவாசப் போதனையைக் கவனிக்கும் ரோமின் திருப்பேராயம், முதிராத கருவைக் குழாயிலிருந்து எடுப்பதை ஏற்கவில்லை. 1930-களில்தான் இயேசு சபை அறநெறியாளர் பவுஸ்கேரன், கருவை எடுப்பதையும் குழாயை எடுப்பதையும் பிரித்துக்காட்டி வாதிட்டார். அந்த வாதமே பொதுவாக ஏற்கப்பட்டது. உங்கள் பாட்டி காலத்துப் புத்தகங்களை வைத்து யாராவது உங்களைக் குற்றம் சாட்டினால், இதைச் சொல்லலாம்.

இதே நோய்க்கு வேறு இரண்டு சிகிச்சைகள் உண்டு. குழாயைக் கீறிக் கருவை மட்டும் எடுத்துவிட்டுக் குழாயை விட்டுவைப்பது ஒன்று. மெத்தோட்ரெக்சேட் ஊசி போட்டு, வேகமாகப் பிளந்து பெருகும் திசுவின் வளர்ச்சியை நிறுத்துவது இன்னொன்று. இவற்றில் கத்தோலிக்க அறநெறியாளர்கள் இன்றும் பிரிந்தே நிற்கிறார்கள். ஊசி கருவின் உறுப்பையே தாக்குகிறது, ஆகவே நேரடிச் செயல் என்கிறார்கள் ஒரு பக்கம். தாயின் உடலை அரிக்கும் திசுவைத்தான் நிறுத்துகிறது, பல நேரங்களில் கரு அதற்கு முன்பே இறந்திருக்கிறது என்கிறார்கள் மறுபக்கம். அமெரிக்க ஆயர் பேரவை கத்தோலிக்க மருத்துவமனைகளுக்கு வகுத்த நெறிமுறைகளில் 48-ஆவது விதி, கர்ப்பப்பைக்கு வெளியே தங்கிய கர்ப்பத்திலும் நேரடிக் கருக்கலைப்பு கூடாது என்று மட்டும் சொல்கிறது. எந்தச் சிகிச்சை நேரடி, எது இல்லை என்று பட்டியல் போடவில்லை. எனவே ஊசி போட்டுக்கொண்ட பெண்ணையும் யாரும் எளிதாகக் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது.

மாமியாரிடம் பேசும்போது அவர் பக்கத்திலிருந்தே பேசுங்கள். உலகின் பெரிய பெந்தெகொஸ்தே அமைப்புகளில் ஒன்றான அசெம்ப்ளிஸ் ஆஃப் காட் கருக்கலைப்பைக் கடுமையாக எதிர்க்கிறது. ஆனாலும் தாயின் உயிருக்கே ஆபத்து வரும் நிலையைத் தனியாக வைத்தே பேசுகிறது. ஜெபமும் சிகிச்சையும் எதிரெதிர் என்று எல்லாப் பெந்தெகொஸ்தே சபைகளும் போதிப்பதில்லை. உங்கள் இருவருக்கும் மதிப்புள்ள போதகர் ஒருவரிடம் டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்ந்து போவது, வீட்டுக்குள் வாதாடுவதைவிட வேகமாக வேலை செய்யும். அந்தத் தாளைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை: தானாகக் கலைந்த கர்ப்பத்தையும் மருத்துவர்கள் "ஸ்பான்டேனியஸ் அபார்ஷன்", "மிஸ்டு அபார்ஷன்" என்றுதான் எழுதுவார்கள். பழைய ரிப்போர்ட்டில் அப்படி ஏதாவது இருந்து, அதைப் பார்த்து யாராவது பதறினால், அது மருத்துவ வழக்கு, நீங்கள் செய்த செயலைப் பற்றிய தீர்ப்பு அல்ல.

இந்தப் பேச்சில் வேத வசனங்களும் வரும். கருக்கலைப்பைப் பெயர் சொல்லித் தடுக்கும் வசனம் வேதாகமத்தில் கிடையாது. இரு தரப்பும் மற்ற வசனங்களிலிருந்துதான் வாதம் கட்டுகின்றன. தாயின் கருப்பையில் கடவுள் உருவாக்கியதைப் பாடும் சங்கீதம் 139, தாயின் வயிற்றில் உருவாக்குமுன்னே அறிந்தேன் என்னும் எரேமியா 1:5, ஆறாம் மாதத்தில் இருந்த எலிசபெத்தின் வயிற்றில் குழந்தை துள்ளும் லூக்கா முதல் அதிகாரம் ஆகியவை கருவிலிருக்கும் உயிரைக் கடவுள் அறிகிறார் என்று காட்டுகின்றன. மனிதன் ஜீவசுவாசம் பெற்ற பிறகே ஜீவாத்துமா ஆனான் என்ற ஆதியாகமம் 2:7-ஐ மற்றவர்கள் எடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் இழுக்கும் இடம் யாத்திராகமம் 21:22. சண்டையில் கர்ப்பிணிக்கு அடிபட்டுக் குழந்தை வெளியே வந்து, வேறு சேதம் இல்லையென்றால் அபராதம். சேதம் உண்டானால் ஜீவனுக்கு ஜீவன். சேதம் தாய்க்கா குழந்தைக்கா என்பது எபிரேயத்தில் தெளிவில்லை. யேசுவுக்கு முந்தைய கிரேக்க மொழிபெயர்ப்பு இதையே வேறு மாதிரி கொண்டுபோனது: உருவம் பெற்ற கரு, உருவம் பெறாத கரு என்று பிரித்துத் தண்டனையையும் பிரித்தது. பிற்காலத்தில் சபைகளுக்குள் எழுந்த வேறுபாட்டில் ஒரு பகுதி இந்த வசனத்திலிருந்து கிளைத்ததுதான். உங்களுக்கு இவற்றில் எதுவும் எதிராக இல்லை. குழாயில் தங்கிய கருவைப் பற்றி எந்த வசனமும் பேசவில்லை.

சபைக்குச் சபை ஏன் மாறுகிறது என்ற கேள்விக்கு இங்கே பதில் தொடங்குகிறது. ஆதித் திருச்சபையில் தீர்ப்பில் பெரிய குழப்பம் இல்லை. முதல் அல்லது இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த திதாக்கே என்னும் கிறிஸ்தவப் போதனை நூல், கருவைக் கலைத்துக் குழந்தையைக் கொல்லாதே என்று நேரடியாகச் சொல்கிறது. 314-இல் அங்கீராவில் (இன்றைய துருக்கியின் அங்காரா) கூடிய ஆயர்கள் சங்கம், கலைத்த பெண்ணுக்குச் சாகும்வரை இருந்த தண்டனையைப் பத்தாண்டுத் தவமாகக் குறைத்தது. நான்காம் நூற்றாண்டு ஆயர் புனித பசிலியாரும் பத்தாண்டு என்றே வைத்தார். உருவம் பெற்றதா இல்லையா என்று நுணுக்கம் பார்ப்பதில்லை என்றார். மேற்கில் அகுஸ்தினார் அந்த நுணுக்கத்தை விடவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் அக்குவினாஸ், அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, மனித ஆன்மா சில வாரங்களுக்குப் பின்னரே வருகிறது என்று எண்ணினார். இருவருமே தொடக்கத்தில் கலைப்பதும் பாவம்தான் என்றார்கள், கொலை என்று மட்டும் சொல்லவில்லை. சட்டமும் இப்படியே ஊசலாடியது: 1588-இல் ஐந்தாம் சிக்ஸ்துஸ் எல்லாக் கருக்கலைப்புக்கும் சபைநீக்கம் விதித்தார், 1591-இல் பதினான்காம் கிரகோரி ஆன்மா பெற்ற கருவுக்கு மட்டும் என்று குறைத்தார், 1869-இல் ஒன்பதாம் பயஸ் அந்த வேறுபாட்டையே எடுத்துவிட்டார். 1974-இல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிக்கைகூட ஆன்மா எந்த நொடியில் வருகிறது என்று தீர்மானிக்கவில்லை. இருக்கக்கூடும் என்ற வாய்ப்பே போதும், அந்த ஆபத்தை ஏற்று உயிரை எடுக்கக் கூடாது என்பதே அதன் வாதம். கொலையென்று உறுதியாகத் தெரிந்தால்தான் குற்றம் என்று நினைப்பவர்கள் இந்த வாதத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். கத்தோலிக்க நிலையின் முதுகெலும்பு அதுதான்.

ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபை 2000-இல் வெளியிட்ட சமூகப் போதனை, கருக்கலைப்பைக் கடும் பாவம் என்கிறது. ஆனால் தாயின் உயிருக்கு நேரடி ஆபத்து இருந்தால், குறிப்பாக அவளுக்கு வேறு குழந்தைகள் இருந்தால், மேய்ப்பர்கள் இரக்கம் காட்ட வேண்டும், அவளை நற்கருணையிலிருந்து விலக்கக் கூடாது, தவம் மட்டும் செய்யச் சொல்ல வேண்டும் என்கிறது. விதியைத் தளர்த்தாமல் ஆளைத் தாங்கும் வழி இது.

சீர்திருத்த சபைகளில்தான் பரப்பு பெரிது. பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் மிகக் கண்டிப்பு. இருபதாம் நூற்றாண்டில் சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த் உறுதியான "கூடாது" என்பதில் தொடங்கி, உயிருக்கு எதிராக உயிர் நிற்கும் அரிய நேரங்களுக்கு இடம் விட்டார். இங்கிலாந்துத் திருச்சபை கடும் எதிர்ப்போடு, மிகக் குறுகிய சில சூழ்நிலைகளில் வேறு எந்த வழியையும்விட அது மேலாகலாம் என்கிறது. அமெரிக்காவின் சுவிசேஷ லூத்தரன் சபை 1991-இல் மூன்று நிலைகளைச் சொன்னது: தாயின் உயிருக்கு ஆபத்து, பெண் விருப்பமின்றி உட்படுத்தப்பட்டதால் வந்த கர்ப்பம், பிழைக்கவே முடியாத கடும் குறைபாடுள்ள சிசு. யுனைட்டட் சர்ச் ஆஃப் கிரைஸ்ட் 1971 முதல் முடிவைப் பெண்ணின் மனசாட்சியிடம் விடுகிறது. பெண்ணும் கடவுளின் சாயல்தான், அவள் உடலின் பொறுப்பை வேறொருவர் எடுத்துக்கொள்ள முடியாது என்பது அதன் பார்வை. அதே 1971-இல், இன்று மிகக் கடுமையாக எதிர்க்கும் தென் பாப்டிஸ்ட் பேரவையும், பாலியல் வன்கொடுமை, கடும் குறைபாடு, தாயின் உடல் மன நலம் ஆகியவற்றுக்காக அனுமதிக்கும் சட்டத்தை ஆதரித்துத் தீர்மானம் போட்டது, 1980-க்குள் திரும்பிவிட்டது. ஒரு சபை இன்று பேசும் குரலை அது எப்போதும் பேசியதாக எடுத்துக்கொண்டால் ஏமாறுவோம்.

இவ்வளவு வேறுபாட்டுக்கும் நடுவில், உங்கள் அறுவை எங்கே விழுகிறது என்று பாருங்கள். மேலே சொன்ன எந்தச் சபையும் அதைக் கண்டிக்கவில்லை.

தங்கை செய்தது கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ், பெரும்பாலான சுவிசேஷ சபைகளின் பார்வையில் கருக்கலைப்புதான். அதை மழுப்பினால் அவளுக்கு உதவாது, அவளுக்கே அது தெரியும். ஆனால் பாவம் வேறு, சபைத் தண்டனை வேறு. திருச்சபைச் சட்டம் 1397-இன் இரண்டாம் பிரிவு (2021 டிசம்பர் 8-க்கு முன் இது 1398 என்ற எண்ணில் இருந்தது) கருக்கலைப்பு நிறைவேறினால் தானாகவே சபைநீக்கம் விழும் என்கிறது. ஆனால் 1324-ஆம் சட்டத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். கடும் அச்சத்தால் கட்டாயப்படுத்தப்பட்டவர், இதற்குச் சபைத் தண்டனை உண்டு என்பதே தன் தவறின்றித் தெரியாதவர், 18 வயது நிறையாதவர் ஆகியோர் மீது அந்தத் தானியங்கித் தண்டனை விழுவதில்லை. 19 வயதில், காதலன் வீட்டார் நெருக்கி, தண்டனை பற்றித் தெரியாமல் மாத்திரை போட்டவள் என்றால், அவள் சபைநீக்கம் செய்யப்பட்டிருக்கவே வாய்ப்பு மிகக் குறைவு. இன்னொன்று, 1329-ஆம் சட்டத்தின்படி, யார் இல்லாமல் அந்தச் செயல் நடந்திருக்காதோ அந்த உடந்தையாளர்களுக்கும் அதே தண்டனை பொருந்தும். நெருக்கியவர்கள் வெளியே நின்று அவளை மட்டும் குற்றவாளியாக்க சட்டம் இடம் தரவில்லை.

அவள் ஆயரிடம் போக வேண்டியதில்லை. 2016 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ், கருக்கலைப்புப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் நிரந்தரமாக நீட்டித்தார். எந்தப் பங்கின் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் முழங்காலிடலாம். தன் பங்குக் குருவானவர் வேண்டாம் என்றால் வேறு பங்குக்குப் போகலாம். என்ன நடந்தது, எத்தனை முறை, எந்தச் சூழலில் என்று இரண்டு மூன்று வாக்கியங்களில் சொன்னால் போதும். காதலன் பெயரோ வீட்டார் பெயரோ சொல்லத் தேவையில்லை, கேட்டாலும் மறுக்கலாம். கட்டாயப்படுத்தப்பட்டதை மறைக்காமல் சொல்லட்டும். அது சாக்கு அல்ல, பொறுப்பின் அளவைத் தீர்மானிக்கும் உண்மை. 1995-இல் இரண்டாம் யோவான் பவுல் கருக்கலைப்பு செய்த பெண்களை நேரடியாக விளித்து, நம்பிக்கையை இழக்காதீர்கள் என்று எழுதிய பகுதி "வாழ்வின் நற்செய்தி" சுற்றுமடலின் 99-ஆம் பத்தி. அவள் போவதற்கு முன் அதை வாசித்துக் காட்டுங்கள்.

மன்னிப்புப் பெற்ற பிறகும் துக்கம் நீடிக்கலாம். குற்ற உணர்வும் துக்கமும் ஒன்றுபோலவே தோன்றும், மருந்து வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், வாழ்வதே வீண் என்ற பேச்சு வந்தால் குருவானவர் மட்டும் போதாது, மனநல மருத்துவரும் வேண்டும். நெருக்கியவர்களோடு இன்னும் தொடர்பில் இருக்கிறாளா என்பதையும் கேளுங்கள்.

ஞானஸ்நானம் பெறாமல் போன குழந்தை எங்கே என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பலர் கேட்பார்கள். மறைக்கல்வி ஏடு 1261-ஆம் எண்ணில் அக்குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. லிம்போ (ஞானஸ்நானம் பெறாத குழந்தைகள் போவதாக முன்பு சொல்லப்பட்ட நிலை) என்பது ஒருபோதும் வரையறுக்கப்பட்ட விசுவாச உண்மையாக இருந்ததில்லை. 2007-இல் பன்னாட்டு இறையியல் ஆணையம் அவர்களின் மீட்பை நம்ப இடம் உண்டு என்று விளக்கியது. திருப்பலியில் நினைவுகூரச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்த கர்ப்பத்துக்கு வருவோம். ஒரு முறை குழாயில் தங்கியவருக்கு மீண்டும் அப்படி ஆகும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. நாள் தள்ளியதுமே மருத்துவரிடம் பழைய விவரத்தைச் சொல்லி, ஆறாம் வாரத்தை ஒட்டி உட்புற ஸ்கேன் எடுங்கள். எந்தச் சிகிச்சைக்கு மனம் ஒப்பும் என்று இப்போதே கணவரோடு பேசி முடிவெடுத்து மருத்துவரிடம் சொல்லி வையுங்கள். வலது குழாய் ஒன்றுதான் மிச்சம். அதையும் இழந்தால் இயல்பாகக் கருத்தரிப்பது நின்றுபோகும் என்பதால், அறுவையா ஊசியா என்ற கேள்வி இம்முறை கனமாக வரும், அவசரத்தில் யோசிக்க முடியாது. அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் கூரிய வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், மயக்கம் இவற்றில் எது வந்தாலும் குழாய் கசியத் தொடங்கியிருக்கலாம். அப்போது குருவானவரையோ போதகரையோ அழைத்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள், போகும் வழியில் கணவர் போன் செய்து ஜெபிக்கச் சொல்லட்டும்.